பகுதிநேரச் சிப்பாயும் பட்டாளத்து வக்கீலும்

பாபநாசத்திலிருந்து திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிற மாணவர் ஒருவர், ஆடி அமாவாசைக் கூட்டம் கலைந்த மறுநாள் படித்துறையில் வைத்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். “அண்ணாச்சி, எனக்கு அம்பாசமுத்திரம் கோர்ட்ல வக்கீலா நிக்கணும். பட்டாளத்துலயும் இருக்கணும். வருசத்துல ரெண்டு மாசம் போய்ட்டு வர்ற பட்டாளம் ஒண்ணு இருக்காமே, அதுலயே வக்கீல் வேலை பாக்க முடியாதா?”

முடியாது என்று சொன்னேன். அது வேறு வாசல், இது வேறு வாசல் என்றேன். பிறகு சட்டப் புத்தகங்களை எடுத்து வைத்துப் படித்தபோதுதான் என் பதிலில் பாதி தவறு என்று தெரிந்தது. ஆள்சேர்ப்பு அறிவிப்புகளின்படி நான் சொன்னது சரி. ஆனால் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சட்டம் மூடாத ஒரு கதவை நடைமுறை மூடி வைத்திருக்கிறது. அந்தத் தம்பிக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய முழுப் பதில் இது.

ராணுவ நீதி என்பது நெல்லைச் சீமைக்குப் புதிய விஷயம் அல்ல. திருநெல்வேலிக்கு வடக்கே கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16 அன்று மேஜர் பானர்மேன் பாளையக்காரர்களை வரவழைத்து உட்காரவைத்தார். அவர்கள் முன்னிலையில் கட்டபொம்மன் மீதான குற்றச்சாட்டுகளைச் சொல்லி, விசாரணை என்ற பெயரில் ஒன்றை நடத்தி, அன்றே ஒரு புளியமரத்தில் தூக்கிலிட்டார். போரில் படையை நடத்தியவரும் அவர்தான், குற்றம் சாட்டியவரும் அவர்தான், தீர்ப்புச் சொன்னவரும் அவர்தான். கட்டபொம்மன் தரப்பில் சட்டம் பேச ஒருவரும் இல்லை. அந்தப் புளியமரத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அந்த விசாரணையின் வடிவத்தைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை. கட்டளையிடுகிற கையும் தண்டிக்கிற கையும் ஒன்றாக இருந்தால், நடுவில் சட்டம் தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். ராணுவ வக்கீல் என்ற பதவிக்கு உலகெங்கும் இதுவே அடிப்படைக் காரணம்.

முதலில் பகுதிநேரப் பட்டாளத்தைப் பார்ப்போம். பிராந்திய ராணுவம் என்று தமிழ்ப் பத்திரிகைகள் எழுதுகிற டெரிட்டோரியல் ஆர்மி, 1948ஆம் ஆண்டின் சட்டப்படி உருவானது. 1949 அக்டோபர் 9 அன்று அதைத் தொடங்கி வைத்தவர் அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. அவரும் சேலத்தில் வக்கீலாக இருந்தவர்தான். அதற்கு முன்பே, 1920இல் வெள்ளையர் ஆட்சி இந்திய பிராந்தியப் படை என்ற ஒன்றைச் சட்டம் போட்டு நடத்தியது. சுதந்திர இந்தியா அந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டு தன் தேவைக்கு மாற்றியது. தொழிலோ வேலையோ உள்ள குடிமக்கள் அதை விடாமலே ராணுவப் பயிற்சி பெற வேண்டும், நாட்டுக்குத் தேவைப்படும்போது சீருடையில் வந்து நிற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். இதை ஒரு முழுநேரப் பிழைப்பாக எண்ணி வராதீர்கள் என்று ராணுவமே தெளிவாகச் சொல்கிறது. அதிகாரியாகச் சேர 18 முதல் 42 வயது வரை தகுதி உண்டு. பட்டப்படிப்பும் சொந்த வருமானமும் வேண்டும். முதலாண்டில் ஒரு மாதம் அடிப்படைப் பயிற்சி, ஆண்டுதோறும் இரண்டு மாத முகாம், முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று மாத மேற்பயிற்சி என்பது அதிகாரிகளுக்கான ஏற்பாடு. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் இதன் காலாட்படைப் பட்டாலியன்கள் இருக்கின்றன.

1962, 1965, 1971 போர்களில் இந்தப் படையினர் பங்கெடுத்தார்கள். இலங்கைக்குப் போன அமைதிப் படையிலும் இவர்கள் இருந்தார்கள். 2025 மே 6 அன்று மத்திய அரசு, தேவைப்பட்டால் பிராந்திய ராணுவத்தின் எல்லா அதிகாரிகளையும் வீரர்களையும் அழைத்துக்கொள்ளும் அதிகாரத்தை ராணுவத் தளபதிக்குக் கொடுத்தது. அப்போது இருந்த 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14ஐ முழுநேரப் பணிக்குத் திரட்டவும் அந்த உத்தரவு இடம் கொடுத்தது. பகுதிநேரம் என்ற சொல்லை வைத்து இவர்களை எடைபோடக் கூடாது. சாதாரண நாளில் இவர் ஒரு குமாஸ்தா, ஒரு ஆசிரியர், ஒரு வியாபாரி. அழைப்பு வந்த நாளில் முழுச் சிப்பாய்.

விக்கிரமசிங்கபுரம் மில்லின் சங்கொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு வேலை போவது என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பட்டாளத்துக்குப் போய் வந்தவனை முதலாளி திரும்பச் சேர்த்துக்கொள்ளாவிட்டால்? 1948 சட்டத்தின் 7ஏ பிரிவு அதைத்தான் கவனிக்கிறது. ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டவரை, அது முடிந்ததும் பழைய வேலையில் பழைய நிலையிலேயே சேர்க்க வேண்டும். உரிய அதிகாரி ஆணையிட்டும் சேர்க்காத முதலாளிக்கு ஆயிரம் ரூபாய் வரை அபராதம். அதோடு ஆறு மாத ஊதியத்துக்குச் சமமான தொகையைத் தொழிலாளிக்குக் கொடுக்கவும் நீதிமன்றம் உத்தரவிடும். ஆயிரம் ரூபாய் இன்று யாரையும் பயமுறுத்தாது. அதை உயர்த்தியே ஆக வேண்டும். உரிமை எழுத்தில் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கித் தருகிற வக்கீல் ஊரில் வேண்டும். வக்கீலுக்கும் பகுதிநேரப் படைக்கும் உள்ள உறவு இங்கிருந்தே தொடங்கிவிடுகிறது.

இனி மற்ற வாசல். ராணுவத்தின் சட்டப் பிரிவுக்கு ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல் பிரிவு என்று பெயர். பட்டாளத்தில் சுருக்கமாக ஜேக் என்பார்கள். கோர்ட் மார்ஷல் என்கிற ராணுவ நீதிமன்றத்தில் சட்டம் சொல்வது, தளபதிகளுக்கு ஆலோசனை தருவது, தண்டனைக் கோப்புகளைச் சரிபார்ப்பது, வெளி நீதிமன்றங்களில் ராணுவத்தின் வழக்குகளைக் கவனிப்பது, போர்க்காலச் சட்டங்களைக் கற்பிப்பது எல்லாம் இவர்கள் வேலை. சேர விரும்புவோருக்குச் சட்டப் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், பார் கவுன்சிலில் பதிவு செய்யும் தகுதி வேண்டும், வயது 21 முதல் 27க்குள் இருக்க வேண்டும், திருமணம் ஆகியிருக்கக் கூடாது. அண்மைக் காலமாக கிளாட் என்ற சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வின் முதுநிலை மதிப்பெண்ணும் கேட்கிறார்கள். அதன்பின் எஸ்.எஸ்.பி. என்ற ராணுவத் தேர்வு வாரியத்தின் நேர்காணல் ஐந்து நாள். தேறினால் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் 49 வாரப் பயிற்சி, லெப்டினன்ட் பதவி. ராணுவச் சட்டத்துக்கென்றே நாக்பூர் அருகே காம்ப்டியில் ஒரு நிறுவனம் இருக்கிறது.

இந்தப் பிரிவில் ஆண்களுக்கு ஆறு இடம், பெண்களுக்கு மூன்று இடம் என்று வகுத்து வைத்திருந்ததை உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11 அன்று செல்லாது என்றது. அதிக மதிப்பெண் பெற்ற பெண்ணை வெளியே நிறுத்திவிட்டுக் குறைந்த மதிப்பெண் பெற்ற ஆணை எடுப்பது சமத்துவம் ஆகாது என்று நீதிபதிகள் தீபங்கர் தத்தா, மன்மோகன் அமர்வு சொன்னது. அதற்கு ஏழு ஆண்டு முன்பு, 2018 ஜனவரியில், பிராந்திய ராணுவத்திலும் பெண்கள் சேரலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1948 சட்டத்தின் 6ஆம் பிரிவில் “எந்த நபரும்” என்றுதான் இருக்கிறது, ஆண் என்று இல்லை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். எழுபது ஆண்டாகச் சட்டத்தில் திறந்தே கிடந்த கதவை நடைமுறை சாத்தி வைத்திருந்தது. என் வாதத்துக்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் கிடையாது.

இரண்டு வாசல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் புரியும். ஒரு வக்கீல் அம்பாசமுத்திரத்தில் சீனியரிடம் ஜூனியராக இருந்து, வாய்தா வாங்கி, குறுக்கு விசாரணை பழகி, தானாக ஒரு வழக்கை நடத்தும் பக்குவத்துக்கு வர முப்பது வயதாவது ஆகிவிடும். அதற்குள் ஜேக் வாசல் அடைத்துவிடும். பிராந்திய ராணுவத்தின் வாசல் 42 வயது வரை திறந்திருக்கும். முழுநேரச் சம்பள வேலை பார்க்கக் கூடாது என்ற பார் கவுன்சில் விதியும், முழுநேரப் பிழைப்பல்ல என்ற பிராந்திய ராணுவத்தின் கொள்கையும் ஒன்றுக்கொன்று இடிக்கவில்லை என்பதே என் வாசிப்பு. அப்படியானால் பத்தாண்டு அனுபவம் உள்ள வக்கீல் ஒருவர் அதிகாரியாகச் சேரலாம். துப்பாக்கி தூக்கலாம், அணிவகுக்கலாம். பத்தாண்டாகத் தெரிந்த வேலையை மட்டும் அங்கே செய்ய அவருக்கென்று ஒரு பதவி இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, ஜெனரல் கோர்ட் மார்ஷல் ஒவ்வொன்றிலும் ஒரு ஜட்ஜ் அட்வகேட் இருக்க வேண்டும் என்கிறது. அவர் ஜேக் பிரிவு அதிகாரியாக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காதபோது, ஜேக் தலைமையோ அதன் துணை அதிகாரிகளோ ஒப்புக்கொண்ட வேறோர் அதிகாரி இருக்கலாம். அந்த “வேறோர் அதிகாரி” முழுநேர அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று பிரிவில் இல்லை. 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளின் 95ஆம் விதி இன்னும் முக்கியமானது. ஜெனரல், டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷல்களில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக, ராணுவச் சட்டத்துக்கு உட்பட்ட எந்த அதிகாரியும் வாதாடலாம். அவருக்குத் தற்காப்பு அதிகாரி என்று பெயர். வக்கீலுக்கு உள்ள உரிமைகள் அவருக்கும் உண்டு. பிராந்திய ராணுவ அதிகாரி எப்போது ராணுவச் சட்டத்துக்கு உட்படுகிறார்? அதிகாரியாகப் பணி செய்யும்போதெல்லாம் என்று 1948 சட்டத்தின் 9ஆம் பிரிவு பதில் தருகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால், முகாமில் இருக்கிற ஒரு வக்கீல் அதிகாரி, கூண்டில் நிற்கிற ஒரு சிப்பாய்க்காக எழுந்து பேசச் சட்டத் தடை எதுவும் தெரியவில்லை.

இது ஏட்டுச் சந்தேகம் அல்ல. சிப்பாய்க்கு அதிகமாக நேர்வது ஜெனரல் கோர்ட் மார்ஷல் இல்லை; சம்மரி கோர்ட் மார்ஷல்தான் அவன் அஞ்ச வேண்டியது. அதில் படைப்பிரிவின் கமாண்டிங் ஆபீசர் ஒருவரே நீதிமன்றம். கூட இருவர் உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் தீர்ப்பில் அவர்களுக்குப் பங்கு இல்லை. அந்த ஒருவர் லெப்டினன்ட் கர்னல் தரத்தில் இருந்தால் ஓராண்டு வரை சிறை விதிக்கலாம், வேலையை விட்டே நீக்கலாம். ஜட்ஜ் அட்வகேட் அங்கே கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவர் தனக்கு உதவியாக ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று ராணுவ விதிகளின் 129ஆம் விதி இடம் கொடுக்கிறது. அவர் வக்கீலாகவும் இருக்கலாம். ஆனால் அவர் ஆலோசனை சொல்லலாம், என்ன கேள்வி கேட்பது என்று எடுத்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான். சாட்சியை விசாரிக்கவோ நீதிமன்றத்தைப் பார்த்துப் பேசவோ முடியாது. வாயடைத்து உட்கார்ந்திருக்கிற வக்கீல். அந்த வாயடைத்த வக்கீல்கூட எல்லைப்புறத்து முகாம் ஒன்றில் ஒரு சிப்பாய்க்கு எங்கிருந்து கிடைப்பார்?

1987 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த ஒரு வழக்கை ராணுவச் சட்டம் படிக்கிற எவரும் தாண்டிப் போக முடியாது. சிக்னல் படையைச் சேர்ந்த ஒரு சிப்பாய், தன்னைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று மேலதிகாரிகளுக்கு நேரடியாக மனு அனுப்பினார். முறைப்படி அனுப்பவில்லை என்பதற்காக அவருக்கு 28 நாள் கடுங்காவல். அந்தக் காவலில் இருந்தபோது, சாப்பிடு என்ற கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை என்று இன்னொரு குற்றச்சாட்டு. சம்மரி கோர்ட் மார்ஷல் கூடியது. அவரை முன்பு தண்டித்த அதிகாரியே அதிலும் இருந்தார். ஓராண்டுச் சிறை, வேலை நீக்கம். சோறு உண்ணாததற்கு! தன் மேல் பகை உள்ளவர் தன்னை விசாரிக்கக் கூடாது என்று மறுப்புச் சொல்லும் வாய்ப்பு அந்தச் சிப்பாய்க்குத் தரப்படவில்லை. நீதிபதி எம்.என். வெங்கடாசலய்யா எழுதிய தீர்ப்பு, விசாரணையையும் தண்டனையையும் ரத்து செய்தது. குற்றத்துக்கும் தண்டனைக்கும் பொருத்தமே இல்லாதபோது நீதிமன்றம் தலையிடும் என்ற கோட்பாடு இந்திய நிர்வாகச் சட்டத்தில் வலுப்பெற்றது அந்தச் சிப்பாயின் தட்டுச் சோற்றால்தான். ஆனால் 1985 மேயில் நடந்ததற்கு நீதி கிடைக்க 1987 அக்டோபர் ஆயிற்று. அந்த அறையில் “இவர் விசாரிக்கக் கூடாது என்று சொல்லு” என்று அவர் காதில் ஓத, சட்டம் தெரிந்த ஒரு பட்டாளத்தார் வேண்டியிருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும்.

திறமையான வக்கீல் வந்தால் ராணுவ நீதிமன்றம் எப்படி மாறும் என்பதையும் இந்த நாடு பார்த்திருக்கிறது. 1945 நவம்பரில் செங்கோட்டையில் நேதாஜியின் ஆசாத் ஹிந்த் ஃபவுஜ் அதிகாரிகள் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவரையும் விசாரித்தது ஒரு ஜெனரல் கோர்ட் மார்ஷல்தான். மலேயாத் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்த ஆயிரக்கணக்கான தமிழர்களின் மானமும் அந்த வழக்கில் அடங்கியிருந்தது. புலாபாய் தேசாய் அங்கே சர்வதேசச் சட்டத்தைக் கொண்டுவந்து வைத்தார்: விடுதலைக்காகப் போர் தொடுக்கும் உரிமை அடிமைப்பட்ட மக்களுக்கு உண்டு என்று வாதாடினார். குற்றவாளிகள் என்றுதான் தீர்ப்பு வந்தது. ஆனால் அந்த வாதம் நாடெங்கும் எழுப்பிய அலைக்கு முன் தளபதி ஆச்சின்லெக்கால் நாடுகடத்தல் தண்டனையை நிறைவேற்ற முடியவில்லை. 1946 ஜனவரி தொடக்கத்திலேயே அதை விட்டுக்கொடுத்தார். அந்த மூவருக்குத் தேசமே வக்கீல் வைத்தது. அந்தச் சிக்னல் சிப்பாய்க்கு யார் வைப்பது?

பகுதிநேரச் சிப்பாயே வக்கீலாகவும் இருப்பது வெளிநாடுகளில் சகஜம். அமெரிக்காவில் பியூ பைடன், டெலவேர் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலாக இருந்துகொண்டே, அந்த மாநில நேஷனல் கார்டின் ராணுவ வக்கீலாக 2008இல் ஈராக்குக்குப் போனார். ஓராண்டு அங்கே பணி செய்து திரும்பி வந்து பழைய பதவியில் உட்கார்ந்தார். செனட்டர் லிண்ட்சி கிரகாம், செனட்டில் இருந்தபடியே விமானப்படை ரிசர்வில் ராணுவ வக்கீலாக இருந்து 2015இல் கர்னலாக ஓய்வு பெற்றார். அவர்களுடைய போர்களைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. அந்த ஏற்பாட்டில் உள்ள நன்மையை அதற்காக மறைக்க மாட்டேன். வெளி நீதிமன்றத்தில் தினமும் வாதாடுகிறவருக்குப் பதவி உயர்வுக்காக எந்தக் கர்னலின் முகத்தையும் பார்க்க வேண்டிய தேவை இல்லை. ராணுவ நீதிக்கு இந்தச் சுதந்திரம் ஒரு காப்பு.

நம் பிராந்திய ராணுவம் தொழில் தெரிந்தவர்களைச் சேர்க்காத படை அல்ல. ரயில்வே ஊழியர்களைக் கொண்டு ரயில்வே பிரிவுகள் அமைத்தது. எண்ணெய் நிறுவன ஊழியர்களைக் கொண்டு தனிப் பிரிவுகள் வைத்திருக்கிறது. 2023இல் மாண்டரின் சீன மொழி தெரிந்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. ரயில் ஓட்டத் தெரிந்தவருக்கும் சீனம் பேசத் தெரிந்தவருக்கும் உள்ள இடம், சட்டம் தெரிந்தவருக்கு ஏன் இல்லை? இதற்கு நியாயமான காரணம் எதையும் என்னால் காண முடியவில்லை. ஜேக் பிரிவு ஒழுங்கும் அனுபவமும் உள்ள முழுநேரப் பிரிவு, அதைக் கலைக்கச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் வக்கீல்களைக் கொண்ட ஒரு சிறு பிராந்திய ராணுவப் பிரிவை வைக்கலாம் என்கிறேன். முகாம் காலத்தில் தற்காப்பு அதிகாரிகளாக, சம்மரி கோர்ட் மார்ஷலில் உதவியாளராக, வேலைக்குத் திரும்ப முடியாத வீரருக்கு 7ஏ பிரிவின்படி மனு எழுதித் தருபவராக அவர்கள் இருக்கட்டும்.

பிராந்திய ராணுவ வீரர்களுக்கே அந்த உதவி எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பதற்கு 2021 டிசம்பர் 17இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சாட்சி. வழக்கமான ராணுவத்தில் 25 ஆண்டு இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், குமாவோனில் மரம் நடும் சூழலியல் பட்டாலியனில் மீண்டும் சேர்ந்தார். விடுப்பில் ஸ்கூட்டரில் போனபோது விபத்து. ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. 80 விழுக்காடு ஊனம். ஓய்வூதியம் கேட்க மாட்டேன் என்று சேரும்போது கையெழுத்துப் போட்டாயே என்றார்கள். ஆயுதப்படைத் தீர்ப்பாயமும் கைவிரித்தது. வேலைக்காகப் போட்ட அந்தக் கையெழுத்து, பலம் சமமில்லாத இரு தரப்புக்கு இடையே வாங்கப்பட்டது, அது அவரைக் கட்டுப்படுத்தாது என்று நீதிபதிகள் நாகேஸ்வர ராவும் கவாயும் சொல்லும் வரை அவருக்கு ஊன ஓய்வூதியம் இல்லை. கையெழுத்துக்கு முன்னால் அந்தத் தாளை வாசித்துச் சொல்ல ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

தம்பி, உனக்கு இப்போதைய வழி இது. கல்லூரியில் என்.சி.சி. இருக்கும்வரை விடாதே. சட்டப் பட்டத்தில் 55 விழுக்காட்டுக்குக் குறையாமல் வாங்கு. கிளாட் முதுநிலைத் தேர்வு எழுது. 27 வயதுக்குள் ஜேக் நேர்காணலுக்கு முயன்று பார். கிடைக்காவிட்டால் பதிவு செய்து அம்பாசமுத்திரத்தில் வக்கீலாக நில், பிராந்திய ராணுவத்தின் அதிகாரித் தேர்வு எழுது. இரண்டும் அமையாவிட்டாலும் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு 2009 முதல் நடக்கிறது. நம் தாமிரபரணிக் கரையிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களின் வழக்குகள் அங்கேதான் போகின்றன. அவர்களுக்காக அங்கே நிற்கிற வக்கீலுக்குச் சீருடை தேவையில்லை. ஆனால் மூன்றாவது ஒரு வாசலும் வேண்டும், அதைத் திறக்கும் அதிகாரம் பாதுகாப்பு அமைச்சகத்திடம் இருக்கிறது. புதிய சட்டம் இயற்ற வேண்டியதில்லை. இருக்கிற 129ஆம் பிரிவையும் 95ஆம் விதியையும் வைத்து ஓர் ஆணை பிறப்பித்தால் போதும். அதை எழுத்தில் கேட்டு மனு அனுப்பு. உன்னோடு நானும் கையெழுத்துப் போடுகிறேன்.